அப்பாவைச் சீத்துவம் கெட்டவர் என்று சொல்லாதே

இராஜபாளையம்
14-8-92

அன்பு மகன் காசிராஜனுக்கு அம்மா பரிபூரணம் எழுதுவது. நீயும் மருமகளும் பிள்ளையும் அந்தப் பிலாய் மழையில் காய்ச்சல், ஜலதோஷம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. பாதியில் பயந்துபோய் மடித்து வைத்துவிடாமல் முழுவதும் படி. உயிருக்கு உடனே ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அத்தை மகள் கல்யாணத்தில் அப்பா நடந்துகொண்டதை யாரோ உனக்கு எழுதிவிட்டார்கள் போல. பண்பில்லாத மனிதரைப்போல இப்படிச் செய்யலாமா, குடிக்கிறாரா என்று கேட்டிருந்தாய். அப்பா குடிக்கவில்லை. ஆனால் நடந்தது எல்லாம் உண்மைதான். ஆனி மாசம் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தவர், பக்கத்து இலையில் இருந்த அப்பளத்தை எடுத்துத் தின்றார். சம்பந்திவீட்டுப் பெரியவர் ஒருவரின் இலை அது. அவர் பார்க்கப் பார்க்க ரசக்கையைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, எழுந்து, பொம்பளைகள் நடுவில் நின்று வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். உன் அத்தை வேலுத்தாய் என்னை மூலைக்கு இழுத்துப்போய், "எங்க அண்ணன் இம்புட்டுச் சீத்துவங்கெட்டுப் போவாகன்னு நான் நெனைக்கவே இல்ல மதினி, நீங்க பாத்துக்கிட்டுத்தான இருக்கீய" என்று அழுதாள்.

கடையிலும் அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது, உனக்கு எழுதாமல் மறைத்தேன். உனக்கே தெரியும், அந்த ஜவுளிக்கடைக்கு வருகிறவர்கள் தனுஷ்கோடி அண்ணாச்சி இருக்காரா என்று கேட்டுத்தான் படி ஏறுவார்கள். வாங்க தாயி, வெயில்ல வந்திருக்கீய, செத்த நேரம் உக்காருங்க, பொறவு சேலை பாக்கலாம் என்பார். அம்புட்டுப் பதவிசான மனுசர் என்று ஊரே சொல்லும். அந்த வாய், கூமாப்பட்டியிலிருந்து வந்த ஒரு அம்மாவைப் பார்த்து, உம்ம நிறத்துக்கு இந்தச் சேலை ஒரு கேடா என்று கேட்டிருக்கிறது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாளாம். முதலாளி சங்கரலிங்கம் வீட்டுக்கே வந்து, "இனி அவிய வீட்டுல இருக்கட்டும், வயசானா இப்பிடியா மட்டு மரியாதை இல்லாமப் போவும்" என்று வருத்தப்பட்டுப் போனார். அப்பா கதவுப்பக்கம் நின்று பல் குத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. இஸ்திரி மடிப்புக் கலைந்தால் பஸ்ஸில் உட்காராமலே நின்றுகொண்டு போகிறவர், இப்போது குளி என்றால் குளிக்கமாட்டார், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போவார். அலங்கோலம் என்றார்கள், கூறுகெட்டவர் என்றார்கள், எதிர்வீட்டில் அழுக்குமூட்டை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு பேச்சும் எனக்கு முதுகில் விழுந்த அடி மாதிரி இருந்தது.

போன வாரம் தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்குப் போய்விட்டு வருகிறேன், வாசலிலேயே கேஸ் நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே அப்பா உட்கார்ந்து, கொட்டுவதற்காக ஓரமாக வைத்திருந்த ஊசிப்போன மீன்குழம்பை ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும், "ஏட்டி, தீப்பெட்டிய எங்க வச்ச, அடுப்பு அணைஞ்சு போச்சு" என்றார். குடத்தைப் போட்டுவிட்டு ஓடி அடுப்பைத் திருகி அடைத்து ஜன்னலை எல்லாம் திறந்தேன். நாத்தம் தெரியலையா என்று கத்தினேன். என்ன நாத்தம், ஒண்ணும் இல்லையே என்றார், பொய் சொல்லவில்லை. சுத்தமாகக் காற்றாடவிட்டுப் பிறகு பெருங்காய டப்பாவை மூக்குக்கு நேரே பிடித்தேன், தெரியவில்லை. துணிக்கு வைக்கும் கற்பூர உருண்டையைப் பிடித்தேன், அதுவும் தெரியவில்லை. அன்றைக்குத்தான் இது குணக்கேடு இல்லை, வேறு என்னமோ என்று மனசில் பட்டது.

கடையில் அவரோடு வேலை பார்த்த அபுபக்கரிடம் போய் அழுதேன். அவர் மறுநாளே லீவு போட்டு எங்களை மதுரைக்குக் கூட்டிப்போனார். ஆஸ்பத்திரியில் அப்பா டாக்டரின் தட்டில் இருந்த பிஸ்கட்டை எடுத்துத் தின்றபோது எனக்குப் பூமி பிளக்காதா என்று இருந்தது. டாக்டர் கோபப்படவில்லை. எப்போதிருந்து வாசனை தெரியவில்லை, எப்போதிருந்து பேச்சு மாறியது என்றே கேட்டுக்கொண்டிருந்தார். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். நெற்றிக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கட்டி. வருசக்கணக்காக மெதுவாக வளர்ந்திருக்கிறதாம். வாசனை அறிகிற நரம்பையும், நல்லது கெட்டது பார்த்து நடக்கவைக்கிற இடத்தையும் அது அமுக்குகிறதாம். "அம்மா, இவர் மரியாதை தெரியாதவர் இல்லை, நோயாளி" என்றார். அபுபக்கர் வராண்டாவுக்கு வந்து, "அல்லாவே, இவுகளையா நாங்க அம்புட்டுப் பேச்சுப் பேசினோம்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

வருகிற 27ஆம் தேதி ஆபரேஷன். கெட்ட கட்டியாக இருக்காது என்றுதான் நினைக்கிறார், எடுத்த பிறகுதான் நிச்சயமாகச் சொல்வாராம். பிழைப்பார், ஆனால் குணம் முழுசாகத் திரும்புமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்கிறார். எனக்கு இரண்டு பக்கமும் பயமாக இருக்கிறது. பழையபடி ஆகாவிட்டால் என்ன செய்வேன் என்று ஒரு பயம். ஆகிவிட்டால், தான் செய்ததெல்லாம் தெரிந்து அந்த மனுசர் எப்படி வெளியே தலைகாட்டுவார் என்று இன்னொரு பயம். அதனால் அத்தை வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் போய், அவர் காதில் பழசு எதுவும் விழக்கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். உன்னையும் கேட்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் மதுரைக்குத் துணிமணி எடுத்து வைக்கும்போது அடக்கமாட்டாமல் அழுதுவிட்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "மூக்கத் தொடச்சிக்கோட்டி, பாக்கவே அசிங்கமா இருக்கு, நாலு பேரு வந்து போற வீடு" என்றார். பேசியது நோயா, எனக்குத் தாலி கட்டிய அந்தச் சுத்தக்காரரா, எனக்குத் தெரியவில்லை காசி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இப்ப சரியா இருக்கா என்று கேட்டேன். ம், இப்பம் சரி என்றார்.

எப்படியாவது லீவு கேட்டு 25ஆம் தேதிக்குள் வந்து சேர். ரயிலில் கண்ட தண்ணீரைக் குடிக்காதே, வீட்டிலிருந்தே எடுத்துக்கொள். பேரனுக்கு இருமல் இருந்தால் மருமகளும் அவனும் அங்கேயே இருக்கட்டும். மூன்று பேருக்கும் ஆண்டாள் துணையிருப்பாள், நீடூழி நன்றாக இருங்கள்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா,
த. பரிபூரணம்