தமிழ் மறந்துபோன அப்பாவுக்கு

அப்பா,

உங்கள் ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கட்டிலில் பரப்பி வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் பை முழுக்கச் சுக்கு வாசனை. மட்டாஞ்சேரிச் சுக்குக் கிடங்கு வேலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனவர் நீங்கள். பையும் உங்களோடு வந்தது; வீடு திரும்பியது பை மட்டும்தான்.

நாளைக் காலை பத்தரைக்கு டாக்டரைப் பார்க்கிறேன். நீங்கள் மகன் என்று வளர்த்த இந்த உடம்பைப் பெண்ணுடம்பாக்கும் ஹார்மோன் சிகிச்சைக்கு இதுதான் முதல் சந்திப்பு. வீட்டில் யாருக்காவது ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியதுண்டா என்று நர்ஸ் ஃபோனில் கேட்டார். உண்டு என்றேன். அதனால்தான் உங்கள் காலின் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடுகிறேன்.

பயமா என்றால் இல்லை. சந்தோஷமா என்றால் அதுவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருக்கிறது. எத்தனை வருடம் காத்திருந்த நாள்! சட்டைக்கு இஸ்திரி போட்டேன். நகம் வெட்டினேன். சாயா போட்டேன், அது ஆறிப்போனது, அப்படியே குடித்தேன்.

பள்ளியில் மலையாளம் படித்து, வீட்டில் உங்களிடம் தமிழ் எழுதக் கற்றவள் நான். வெளியே எப்படி வேண்டுமானாலும் பேசலாம். உள்ளே வந்தால் கலப்பில்லாத தமிழ்தான் வேண்டும் உங்களுக்கு. சாப்பிட்டாச்சா என்பதற்குப் பதில் அம்மாவிடம் ஒரு நாள் மலையாள வழக்கில் "சோறு கழிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டேன். "கழிக்கிறதுன்னா கொல்லைக்குப் போ. இங்க சாப்பிடத்தான் செய்வோம்" என்றீர்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அம்மா போன மறுவருடம், நீங்கள் மத்தி ஆய்ந்துகொண்டிருந்தபோது, "நான் பையன் இல்லப்பா, பொண்ணு" என்று சொன்னேன். நீங்கள் நிமிரவில்லை. "அந்தக் குடம்புளியை எடு" என்றீர்கள். எடுத்துக் கொடுத்தேன். அதைப் பற்றி நாம் பேசியது அவ்வளவுதான்.

ஆனால் அந்த வாரமே உங்கள் தமிழ் கெட ஆரம்பித்தது. என்னைப் பற்றி யாரிடம் பேசினாலும் "அவன் வந்தான்" என்று வரவில்லை. "குட்டி வந்நு" என்றீர்கள். மலையாளத்தில் குட்டி என்றால் பிள்ளை. அவன் வந்தாலும் அவள் வந்தாலும் "வந்நு"தான். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் என்று சொல்ல மனமில்லாமல் என்னை ஆட்டோடு மாட்டோடு சேர்த்துவிட்டார் என்று நினைத்து, ஒரு மாதம் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒருநாள் தென்காசி மாமா கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தீர்கள்.

"பய என்ன செய்யுதான் மச்சான்?"

"குட்டி காக்கநாட்டுல ஜோலிக்குப் போணு."

"என்னது, போணுவா? தமிழே மறந்துபோச்சா ஒமக்கு?" மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஆமாப்பா, மறந்துபோச்சு" என்றீர்கள்.

அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. ஒரே ஒரு "கழிச்சு"வுக்கு அத்தனை கேலி செய்தவர், சொந்த மச்சானிடம் தமிழ் மறந்தவராக நிற்கச் சம்மதித்தீர்கள். "ஆன்" என்று முடித்தால் எனக்கு வலிக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. "ஆள்" என்று முடிக்க உங்களுக்கு வாய் வரவில்லை. அதற்காக எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். ஒரு தடவையாவது "மக" என்று சொல்லியிருக்கலாம். நான்கு வருடம் இருந்தது அப்பா.

ரிப்போர்ட் கிடைத்துவிட்டது. இடது கால், முட்டிக்குக் கீழே. என் ரத்தத்திலும் அந்தக் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். இருந்தால் மருந்தை மாற்றுவார்கள், அல்லது தள்ளிப்போடுவார்கள். நர்ஸ் அதைச் சொன்ன பிறகும் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நர்ஸ் கொண்டுவரச் சொன்ன கேள்விப் படிவத்தை இப்போதுதான் நிரப்பி முடித்தேன். எல்லாம் மலையாளத்தில். வீட்டில் யாருக்கெல்லாம் தெரியும் என்பது கடைசிக் கேள்வி. இந்த வீட்டில் இப்போது நான் மட்டும்தான். யாருக்கும் தெரியாது என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, "அப்பாவுக்குத் தெரியும்" என்று தமிழில் எழுதினேன். டாக்டருக்குப் படிக்க வராது. கேட்டால் நானே வாசித்துக் காட்டுகிறேன்.