வண்டி ரிப்பேரில் இருக்கிறது

அன்புக் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே அப்பா, அண்ணன், அண்ணி, நான், நான்கு பேரும் இருக்கிறோம். நான்கு பேரும் இருக்கிறோம் என்று எழுத முடிவதே இப்போதெல்லாம் பெரிய விஷயமாகிவிட்டது. போனில் சொல்லாமல் என்ன இது பழைய காலம் மாதிரி கடிதம் என்று நீ நினைப்பாய். நம் வீட்டுப் போன் உனக்குத் தெரியாததா. அது தொழில் போன், கூடத்தில்தான் கிடக்கும், யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டு வீடே கேட்கும். என்னிடம் தனியாக ஒரு போன் கிடையாது, இருந்தாலும் இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வராது. அதனால் பொறுமையாகப் படி, நடுவில் அழுதுகொண்டு போனை எடுக்காதே.

அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தான். பயப்படாதே, வீட்டுக்கு வந்துவிட்டான், சாப்பிடுகிறான், அண்ணியிடம் திட்டும் வாங்குகிறான். நீ கேட்டபோதெல்லாம் சளி, அதனால்தான் குரல் கம்மியிருக்கிறது என்று சொன்னோமே, அது பொய். ஒரு மாணவர் விடுதியில் வேலைக்குப் போன அன்று நடந்தது. புது இடம், சமையல்கட்டுக்குப் பின்னால் கழிவுத் தொட்டி, வருஷக்கணக்காகத் திறக்கவே இல்லையாம். நம் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, எந்த இடத்துக்குப் போனாலும் அப்பாதான் முதலில் கடப்பாரையால் மூடியை நெம்புவார், குந்தி உட்கார்ந்து மோந்து பார்ப்பார், வாயு இருக்கு, கொஞ்சம் ஆறட்டும் என்பார், இல்லாவிட்டால் சும்மா சாக்கடைதான், ஹோஸைப் போடு என்பார். அவர் சொன்னால் சொன்னதுதான். அதை வைத்துத்தானே ஊரில் மூக்குக்காரர் வண்டி என்று பெயர் வந்தது. ஒரு கம்பியும் இரண்டு வாளியும் வைத்துக்கொண்டு தெருச் சாக்கடை அடைப்பு எடுத்த மனுஷன் டேங்கர் லாரி வாங்கியது அந்த மூக்கை நம்பித்தான், நாங்கள் இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியதும் அதை நம்பித்தான். அன்றைக்கும் மோந்து பார்த்துவிட்டு ஒண்ணுமில்ல, போடுடா என்றிருக்கிறார். ஹோஸ் வாயில் துணி அடைத்துக்கொண்டது. அண்ணன் மண்டி போட்டு, மூடி வாய்க்குள் தலையை நீட்டி, அதைப் பிடுங்கப் பார்த்தான். ஒரு சத்தமும் இல்லையாம், அப்படியே சாய்ந்துவிட்டான், மார்பு வரை உள்ளே போய்விட்டான். கயிறு கட்டாதவன் மூடியைத் தொடக் கூடாது என்று அப்பா வைத்திருக்கிற சட்டம் இருக்கிறதே, நீ கூட மாட்டைக் கட்டுவது மாதிரி அண்ணனைக் கட்டுகிறார் என்று கேலி செய்வாயே, அந்தக் கயிறுதான் அவனைத் திருப்பிக் கொடுத்தது. ஒரு முனை அவன் இடுப்பில், மறு முனை வண்டியின் பின்படியில். அப்பா ஒற்றை ஆளாக இழுத்து வெளியே போட்டிருக்கிறார். அவர் உள்ளங்கையில் தோல் இன்னும் வளரவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் சின்ன வயசுக்காரர்தான், நன்றாகப் பேசினார். அம்மா, அந்த வாயு அதிகமா இருந்தா நல்ல மூக்கே மரத்துப் போயிடும், மூக்கை நம்பி இந்த வேலை செய்யவே கூடாது, அளக்கிற கருவி இருக்கு, வாங்கிக்கோங்க என்றார். அண்ணனும் படுக்கையில் இருந்தபடியே வாங்கிடலாம்பா என்றான். ஒருமுறை அதை விற்க வந்த ஆளை வாசலிலேயே நிற்க வைத்து, எங்க வீட்ல நடக்கிற மீட்டரே இருக்கு என்று சிரித்து அனுப்பியவன் இவன்தான். இப்போது அப்பா சிரித்தார். மெஷினை மாட்டிக்கிட்டுப் போனா மூக்குக்காரனுக்கு மூக்கு போச்சுன்னு ஊர் சொல்லாதா என்றார். அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, தப்பு தன்மேல்தான், சொல்லாமல் தலையை நீட்டிவிட்டேன் என்று அவனே முடித்துக்கொண்டான். நானும் அதை ஒரு வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அப்பாவின் போக்கு சரியில்லை. தட்டில் போட்டதை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறார். முற்றத்தில் நிற்கிற வண்டிக்குள் ஏறி, ஓட்டுகிற இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் பக்கத்தில் போனால் இறங்கி வேறு பக்கம் போகிறார்.

அப்போதுதான் உன் பார்சல் வந்தது. குழந்தைக்குத் தோல் அரிப்பு என்று டாக்டர் மாற்றச் சொன்ன சோப்பு, நிறைய வாங்கிவிட்டேன், உங்களுக்கும் அனுப்புகிறேன், வாசனை மட்டும் இருக்காது என்று அப்பா வெளியே போயிருந்தபோது போனில் எனக்குச் சொல்லியிருந்தாயே, நான் அதை அப்பாவிடம் சொல்ல மறந்துபோனேன். காலையில் நான் ஒன்றைப் போட்டுக் குளித்தேன், சோப்பா சுண்ணாம்பா என்று தெரியாத அளவுக்கு ஒரு மணமும் கிடையாது. சாயங்காலம் அப்பா ஒன்றைப் பிரித்து, எப்போதும் செய்வது போல மூக்கருகே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். ஆகா, பூக்கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு, என் பொண்ணு வாங்கினா வாங்கினதுதான் என்றார். அண்ணி அடுப்படியில் இருந்தாள், அவள் கவனிக்கவில்லை. நான் அதை வாங்கி மறுபடி மோந்து பார்த்தேன், ஒன்றுமே இல்லை. வேண்டுமென்றே மறுநாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். அடிப்பிடித்துக் கருகி, தெருவில் போகிறவர்கூட என்னம்மா தீயுது என்று குரல் கொடுத்தார். அப்பா அடுத்த அறையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, டீ ஆச்சா என்று கேட்டார். கருகிய பாலை இறக்கி வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். பாத்திரம் போச்சே என்றுதான் அழுகிறேன் என்று எட்டிப் பார்த்த அவர் நினைத்துக்கொண்டு, விடு, வேற வாங்கிக்கலாம் என்றார்.

அவருக்கு மூக்கு போய்விட்டது குட்டிம்மா. ஒன்றுமே தெரியவில்லை. நீ கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காய்ச்சல் வந்து மூக்கடைத்துப் படுத்தாரே, அதோடு போயிருக்க வேண்டும். இத்தனை நாள் எப்படிச் சமாளித்தார் என்று யோசித்துப் பார்த்தேன். பெரும்பாலும் பழைய வாடிக்கை வீடுகள், எந்தத் தொட்டி எப்படி என்று மனப்பாடம். மற்ற இடங்களில் கடைசியாக எப்போது திறந்தீர்கள், எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொள்வார், மேலே மிதப்பதைப் பார்ப்பார், பூச்சி பறக்கிறதா என்று பார்ப்பார். பிறகு குந்தி உட்கார்ந்து மோந்து பார்ப்பது மாதிரி உட்கார்வார். விடுதியில் அவருக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. நான் கேட்டால் அவர் மறைக்க மாட்டார், ஒப்புக்கொண்டுவிடுவார். அதற்குப் பிறகு எழுந்திருக்க மாட்டார், அதுதான் எனக்குப் பயம். தன் வாயால் ஒண்ணுமில்ல என்று சொல்லி, சொந்தப் பிள்ளையைக் குழிக்கு அனுப்பப் பார்த்தோம் என்று அந்த மனுஷன் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கிறார், அதை நாமும் தெரிந்துகொண்டோம் என்று வேறு சொல்ல வேண்டுமா. அண்ணன் இப்போதும் தப்பு தன்மேல் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான், அப்பா மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேச விடமாட்டான். இரண்டாவது வண்டி எடுத்து, ஆள் போட்டு, அப்பாவை வைத்து அவர்களையெல்லாம் பழக்கிவிடலாம் என்று கனவு காண்கிறான். இதற்கு நடுவில் அப்பா ஒரு முடிவு எடுத்திருக்கிறார். இனிமேல் அண்ணன் வண்டி ஓட்டினால் போதும், மூடிப் பக்கம் நான் மட்டும்தான், எவனும் கிட்ட வரக் கூடாது என்கிறார். கேட்பதற்குப் பாசம் மாதிரி இருக்கிறது. எனக்கு அது தற்கொலை மாதிரி கேட்கிறது.

அதனால் நான் ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறேன், என்னைத் திட்டாதே. போனை எடுப்பது நான்தானே. இப்போதெல்லாம் மணி அடித்தால் முதல் வேலையாக ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, கொல்லைப்புறம் எடுத்துக்கொண்டு போய், வண்டி ரிப்பேரில் இருக்கிறது, வேறு யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். உள்ளே வந்து, ராங் நம்பர் என்கிறேன், கடன் கொடுக்கிற கம்பெனிக்காரி என்கிறேன். மாடிவீட்டு டீச்சர் கழிப்பறை பொங்கிக் கூடம் வரை வந்துவிட்டது என்று கெஞ்சினார், அவருக்கும் அதே பதில்தான். நம் வண்டி எழுந்து நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு பேசியவர்களிடம் எல்லாம் பல்லைக் காட்டி வாடிக்கை பிடித்தவள் நான். அதே வாயால் ஒவ்வொருவராக விரட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு இது தெரியாது. வேலைக்கென்று ஏன் ஒரு போன்கூட வரவில்லை என்று பார்க்கிறார். நேற்று சாப்பிடும்போது, ஊருக்கு நம்ம மேல நம்பிக்கை போச்சு, விஷயம் பரவிடுச்சு என்றார். அண்ணன் முகம் சுண்டிப் போனது. நான் அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சாதம் போட்டேன். என்னால் இது எத்தனை நாளைக்கு முடியும் என்று தெரியவில்லை, வண்டி கண்ணெதிரே முற்றத்தில் பளபளவென்று நிற்கிறது, யாராவது நேரில் வந்து கேட்டால் என் குட்டு உடைந்துவிடும்.

நீ செய்ய வேண்டியது இதுதான். அந்த வாயு அளக்கிற கருவியில் சட்டையில் மாட்டிக்கொள்கிற சின்னதாக ஒன்று இருக்கிறதாம், ஆபத்து இருந்தால் கத்துமாம். இரண்டு வாங்கி அனுப்பு, அப்பாவுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று. இங்கே கிடைக்காமல் இல்லை, நான் வாங்கினால் அவர் தொடமாட்டார், அண்ணன் வாங்கினால் மூக்குக்காரர் மரியாதை என்று ஆரம்பித்துவிடுவார். உன் பார்சலில் வந்தால் தலைகீழாக நின்றாவது மாட்டிக்கொள்வார். கூடவே உன் கையால் நான்கு வரி எழுதி வை. இங்கெல்லாம் இது இல்லாமல் மூடியைத் திறக்கவே விடமாட்டார்கள், உங்களை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை, எனக்காக மாட்டிக்கொள்ளுங்கள் என்று எழுது. மூக்கைப் பற்றி மூச்சு விடாதே. விபத்தைப் பற்றியும் கேட்காதே, உனக்குத் தெரியாது என்றே இருக்கட்டும். அதை மாட்டிக்கொண்டு தெருவெல்லாம் என் பொண்ணு அனுப்பினது என்று காட்டுவார், அந்தப் பெருமையிலாவது பிழைத்துக் கிடப்பார். அதற்குப் பிறகும் தலையை உள்ளே நீட்டக் கூடாது என்று அண்ணனிடம் நான் சத்தியம் வாங்கிக்கொள்கிறேன், அண்ணியையும் சேர்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. இதை எழுதும்போதுதான் எனக்கே உறைத்தது, எழுதாமல் விட மனசு வரவில்லை. நீ விமானம் ஏறிய அன்று அப்பா உன்னைக் கட்டிக்கொள்ளாமல் இரண்டடி பின்னால் போய், யாரோ மூன்றாம் மனுஷியை வழியனுப்புவது மாதிரி கையைக் கூப்பிவிட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாரே. அவ்வளவு தூரம் போகிறேன் என்று அப்பாவுக்கு என்மேல் கோபமா என்று நீ எத்தனை முறை என்னிடம் கேட்டிருக்கிறாய். கல்லுளிமங்கன், அவர் சுபாவமே அப்படித்தான் என்று நானும் சொல்லி வைத்தேன். அன்று காலை அவர் மூன்று முறை குளித்தார். குளியலறைத் தொட்டித் தண்ணீரெல்லாம் காலி என்று நான் கத்தினேன். ஒவ்வொரு முறையும் சட்டையை என் முகத்துக்கு நேராக நீட்டி, வாடை வருதா பாரு என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன், நம்பவில்லை, திரும்பவும் குளிக்கப் போனார். தன் மேல் நாற்றம் இருக்கிறதா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லையடி. உன் புதுத் துணியில் ஒட்டிவிடும், அத்தனை பேர் நடுவில் நீ தலைகுனிய வேண்டி வரும் என்றுதான் தள்ளி நின்றிருக்கிறார். கோபமெல்லாம் இல்லை.

குழந்தைக்கு அரிப்பு இருக்கிற இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவு, நகத்தை ஒட்ட வெட்டிவிடு. நீ நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் கையை ஒருவர் விடாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை. அடுத்த முறை வரும்போது வாசலில் அவர் தள்ளி நின்றால் நீ விடாதே, போய்க் கட்டிக்கொள். பார்சலைச் சீக்கிரம் அனுப்பு, மறந்துவிடாதே. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது, கொல்லைப்புறம் போய்ப் பேசிவிட்டு வந்தேன். யாரு என்று ஜன்னல் வழியாகக் கேட்டார், கையில் ஈரத்துணியோடு வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ராங் நம்பர் என்றேன். சரி என்று மறுபடி துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

உன் பார்சலுக்காகக் காத்திருக்கிற,
அம்மா