எண் குறைவு

காஜிபேட்டை,
5-6-1946

சிரஞ்சீவி தம்பி வேதாசலத்துக்கு அக்கா ராஜத்தின் ஆசி.

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. என் வீட்டுக்காரருக்கு, உன் மாமாவுக்கு, இருமல் விடவில்லை. அவர் வேலை பார்க்கிற லோகோ ஷெட்டில் ரயில் எஞ்சின் கரிப்புகை இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போதன் பக்கம் கால்வாய்ப் பாசனத்தில் ஏழு ஏக்கர் குத்தகைக்கு வருகிறது. "நக்கோ ராஜம், இந்த வேலை வேணாம், கரியைத் தின்னது போதும்" என்கிறார். ஆனால் அங்கே சில வயல்களில் உப்புப் பூத்துக் கிடக்கிறதாம். குத்தகைக்கு எடுப்பதென்றால் முப்பதாம் தேதிக்குள் வேலையை விட்டாக வேண்டும். விட்டால் திரும்பக் கிடைக்காது.

அந்த வயல் மண்ணைத் துணிப்பையில் கட்டி அனுப்பியிருக்கிறேன். உங்கள் பரிசோதனைக் கூடத்தில் பார்த்து உடனே எழுது. மாமா உருதுப் பள்ளியில் படித்தவர், தமிழ் எழுத்து வராது. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

ராஜம்

ஹைதராபாத்,
14-6-1946

அன்புள்ள அக்காவுக்கு,

மண்ணை மூன்று தடவை பார்த்துவிட்டேன். எண் ரொம்பக் குறைவு. மாமாவிடம் பக்குவமாகச் சொல். அதிகாரியோடு சுற்றுப்பயணம் போகிறேன், வாசலில் வண்டி நிற்கிறது. வந்து விவரம் எழுதுகிறேன்.

வேதாசலம்

காஜிபேட்டை,
18-6-1946

தம்பிக்கு,

"எண் குறைவு" என்று வாசித்ததும் மாமா, "ஹவ்! அப்போ உப்பே இல்லே" என்று எழுந்து நின்றுவிட்டார். பக்கத்து வீட்டு நாகம்மாவுக்கு வெல்லம் கொடுத்து அனுப்பினார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

ஆனால் நல்ல சேதியை எதற்கடா பக்குவமாகச் சொல்வது? அந்த வார்த்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சீக்கிரம் எழுது.

ராஜம்

ஹைதராபாத்,
26-6-1946

அக்கா,

ஐயோ, குடியைக் கெடுத்தேனே! இன்றுதான் திரும்பி வந்து உன் கடிதத்தைப் பார்த்தேன்.

மண்ணைச் சேறாகக் குழைத்து, அதில் ஊறிய தண்ணீரை வடித்து, மின்சாரம் விட்டுப் பார்ப்போம். எங்கள் பெட்டி காட்டும் எண் உப்பின் அளவு இல்லை, மின்சாரத்துக்கு அந்தத் தண்ணீரில் இருக்கும் தடை. உப்பு கூடினால் மின்சாரம் தாராளமாக ஓடும், தடை குறையும். எண் குறைவு என்றால் உப்பு அதிகம்! இங்கே நாங்கள் பேசிக்கொள்கிற பழக்கத்தில் அப்படியே எழுதித் தொலைத்துவிட்டேன்.

அந்த மண்ணில் விதை முளைப்பதே சந்தேகம். மாமா வேலையை விடவே கூடாது. காலில் விழுந்தாவது நிறுத்து.

வேதாசலம்

போதன்,
9-7-1946

தம்பிக்கு,

உன் கடிதம் இருபத்தெட்டாம் தேதியே கைக்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் இருந்தது.

"என்ன எழுதிருக்கான்?" என்று மாமா கேட்டார். "மழைக்கு முன்னாடி உழணுமாம், சீக்கிரம் கிளம்பச் சொல்றான்" என்று வாசித்தேன். ஆமாம், பொய்தான் வாசித்தேன். அன்று காலையில் அவர் துண்டைத் துவைத்தேன். அதில் ரத்தம் இருந்தது. ஷெட்டில் இருந்தால் அவர் போய்விடுவார். இந்த மண்ணில் பயிர்தானே போகும்?

இங்கே வந்து எட்டு நாளாக நன்றாகத் தூங்குகிறார். நாளைக்கு வயல் கருகும்போது என்னைத்தான் கேட்பார். என்ன சொல்வேனென்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது. நீயும் என்னை வெறுத்துவிடாதே.

ராஜம்

ஹைதராபாத்,
13-7-1946

அக்கா,

இரண்டு தாள் வைத்திருக்கிறேன். இது உனக்கு. உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் வாசித்திருப்பேன். படித்ததும் இதை அடுப்பில் போடு. மற்றதை மாமாவுக்கு வாசித்துக் காட்டு.

வேதாசலம்

மாமாவுக்கு வணக்கம்.

உங்கள் வயலில் உப்பு அதிகம். வடிகால் வெட்டி, கால்வாய்த் தண்ணீரைக் கட்டிக் கட்டி வடியவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். இரண்டு வருஷமாவது ஆகும். நீங்கள் மண்வெட்டியைத் தொடக்கூடாது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், அடுத்த சனிக்கிழமை வருகிறேன்.

எண்ணைப் பார்த்துத் தப்பாகச் சொன்னது நான்தான். அக்கா நான் எழுதியதைத்தான் உங்களுக்கு வாசித்தாள்.

உங்கள் மைத்துனன்,
வேதாசலம்