சாயப்பட்டறைப் பாட்டிலில் வீட்டுத் தண்ணீர்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவி பக்கத்து வீட்டில்.

எனக்குக் காய்ச்சல் வந்தபோது, "நீ படுத்துக்கோ, சோதனைக்கு எங்க பட்டறைக் கழிவுத் தண்ணிய நானே புடிச்சுத் தர்றேன்" என்றீர்களே, அந்தப் பாட்டிலை இன்று எங்கள் ஆய்வகத்தில் மறுபடி சோதித்தேன். குடிநீரில் கலக்கும் குளோரின் அதில் இருந்தது. நம் சமையலறைக் குழாயில் பிடித்ததுதானே? உங்களை நம்பித்தான் ‘சுத்தம்’ என்று கையெழுத்துப் போட்டேன்.

அந்த அறிக்கை செல்லாது என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது உங்கள் பட்டறை வாய்க்காலுக்குத்தான் போகிறேன், நானே பிடிக்க. சுத்திகரிப்பு இயந்திரத்தை ஓட்டாமல் ஆற்றில் ஒரு சொட்டு விடக் கூடாதென்று முதலாளியிடம் சொல்லுங்கள்.

பி.கு.: குடிக்கத் தண்ணீர் குடத்தில் இருக்கிறது. நான் பிடித்தது, நம்பிக் குடிக்கலாம்.