கணு இருந்த இடத்தில் கைப்பிடி

7 ஜனவரி 2025, செவ்வாய்

இரண்டாவது வில்லும் உடைந்தது. பாதிகூட இழுக்கவில்லை, படக்கென்று இரண்டாகி, ஒரு துண்டு என் முழங்கையைப் பதம் பார்த்துவிட்டது. பட்டறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கொழுந்தன் ஹனீப் மட்டும் பார்க்காததுபோல அளவெடுத்துக்கொண்டிருந்தார். பட்டறை அவர் பொறுப்பு. மூலையில் ஒரு பெஞ்ச் மட்டும் என்னுடையது. இருபது வருடமாக அதில்தான் நாற்காலிக்கும் அலமாரிக்கும் உப்புத்தாள் போட்டு பாலிஷ் ஏற்றுகிறேன். வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் வில் செய்வது.

சோற்றில் கை வைக்கும்போது வந்தார். "மைனி, ஸ்ப்ரே பாலிஷுக்கு கம்ப்ரஸர் வருது. ஒங்க பெஞ்ச எடுத்தாத்தான் எடம்."

"அப்ப என் வில்லு?"

"அதுல ஒண்ணும் நிக்க மாட்டேங்குதே."

முப்பத்தொன்றாம் தேதிவரை கேட்டேன். அதற்குள் ஒரு வில்லுக்கு நாண் மாட்டிக் காட்டினால் பெஞ்ச் இருக்கும். இல்லையென்றால் நானே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக் கொடுப்பேன். சரி என்றார்.

8 ஜனவரி

எதற்கு இந்தப் பிடிவாதம் என்று சஃப்ரீன் கேட்கிறாள். பெற்ற மகளிடமே சொல்ல வரவில்லை. செம்பூர் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை பெண்களுக்கு அம்பு விடப் பழக்குகிறார்கள். எட்டுப் பேருக்கு மூன்று மூங்கில் வில். ஆனால் அது காரணமில்லை. இத்தனை வருடமும் யாரோ கொடுத்த அளவுக்குத்தான் மரத்தைத் தேய்த்திருக்கிறேன். யாருமே ஆர்டர் கொடுக்காத ஒன்றை ஒரு தடவை செய்ய வேண்டும். "சும்மாதான்" என்றேன்.

"உம்மாக்கு திமாக் கராப், மூளை கெட்டுப்போச்சு" என்று வாஷி ரயிலுக்கு ஓடிவிட்டாள்.

11 ஜனவரி, சனி

மரம் கிடைத்தது! பழ வண்டி பூதத்தான் அண்ணாச்சியின் கைவண்டியை டெம்போ இடித்துவிட்டது. பிடித்து இழுக்கும் நீளக் கம்பின் நுனி போய்விட்டது. மீதியை எனக்குக் கொடுத்தார். தாமன் மரம், உடையாமல் வளைந்து கொடுக்கும் ஜாதி. வெயிலும் மழையும் பார்த்துக் காய்ந்தது. தட்டினால் கணீரென்கிறது.

12 ஜனவரி

குறைகளை எழுதிவைக்கிறேன். நாலடி பத்தங்குலம்தான். நடுவிலிருந்து நாலு விரல் தள்ளி ஒரு கணு. மரத்தின் நார் ஓடும் ரேகை நேராக இல்லை, இப்படியும் அப்படியும் நெளிகிறது.

உடைந்த இரண்டு வில்லையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி சாய்வாகப் பிளந்திருக்கின்றன. ரேகை வளைந்த இடத்தில் நான் நேராக இழைத்து அதை அறுத்திருக்கிறேன். அறுந்த இடத்தில்தான் பிளந்திருக்கிறது. மரத்தைக் குற்றம் சொன்னேனே! கோணலைக் கண்டால் நேராக்காமல் விடாத கை. அலமாரிக்கு நல்ல கை, வில்லுக்கு ஆகாது.

14 ஜனவரி

எனக்குப் பிடித்த வில் என் போனில் இருக்கிறது. ஒல்லியாக, உயரமாக, நுனி இரண்டும் வெளிப்பக்கம் வளைந்து... பார்த்துக்கொண்டே இருக்கலாம். இந்தக் கம்பில் அது வராது. குட்டை மரத்தை ஒல்லியாக்கி நுனியையும் வளைத்தால் எல்லா பாரமும் ஒரே இடத்தில் விழும்.

ஆக, பட்டையாக, அகலமாக. ஓரம் ரேகையோடு நெளியட்டும். குறியை நோக்கி நிற்கும் பக்கத்தில், அதாவது வில்லின் முதுகில், உளி படாது. உள்பக்கம் மட்டும் சீவல். கணு வளையாத இடத்தில் இருக்க வேண்டும். வளையாத இடம் கைப்பிடி ஒன்றுதான். கணுவைக் கைக்குள் வைத்தால் மேல் பாதி நீளம், கீழ் பாதி குட்டை. இருக்கட்டுமே. போனிலிருந்த படத்தை அழித்துவிட்டேன். கொஞ்சம் வருத்தம்தான்.

17 ஜனவரி

ஹனீப்: "ஒரு பக்கம் நொண்டியாட்டம் இருக்கே மைனி. குடுங்க, அறுத்துச் சமமாக்கித் தாரேன்."

கொடுக்கவில்லை.

25 ஜனவரி

சீவல், சீவல். கைப்பிடியைச் சட்டத்தில் மாட்டி, தொங்கலாக ஒரு நாண் கட்டி, கொஞ்சம் இழுத்துப் பார்ப்பது; விறைப்பான இடத்தில் இன்னும் சீவுவது.

30 ஜனவரி, வியாழன்

கீழ் பாதி அசையவே மாட்டேன் என்கிறது. மேல் பாதியில் ஒரே இடம் மட்டும் அதிகம் மடங்குகிறது. இந்த நிலையில் நாணை இறுக்கி மாட்டினால் அந்த இடம் நசுங்கும். இன்னும் பத்து நாள் வேலை. இருப்பது ஒரு நாள்.

31 ஜனவரி

ஹனீப் நல்லவர்தான். "மாட்டி மட்டும் காட்டுங்க மைனி, போதும். இழுக்கவா சொல்லுதேன்?" என்றார். பட்டறையே நின்று பார்த்தது.

மாட்டியிருக்கலாம். ஒரு நிமிட வேலை, பெஞ்ச் எனக்கு.

"இன்னும் ஆகல தம்பி. பெஞ்ச எடுத்துக்கோங்க" என்றேன். சொன்னபடி ஒரு பக்கம் நானே பிடித்தேன்.

1 பிப்ரவரி

அழுதேன். வேறென்ன எழுத.

3 பிப்ரவரி

வீட்டு மாடிக்கு ஏறும் இரும்பு ஏணி சட்டத்தைவிட வசதி! ஒரு படியில் கைப்பிடியைக் கட்டி, கீழே நின்று நாணை இழுக்கிறேன். சஃப்ரீன் மேலேயே மாட்டிக்கொண்டு, "உம்மா, ஆபீஸுக்கு லேட் ஆகுது, ஹடாவோ, எடுங்க இத" என்று கத்துகிறாள். தரை முழுக்க மரச்சுருள்.

12 பிப்ரவரி

நாண் மாட்டினேன். இரண்டு பாதியும் ஒன்றாக வளைகின்றன. நீளப் பாதியும் குட்டைப் பாதியும்!

16 பிப்ரவரி, ஞாயிறு

செம்பூர். நாற்பது அம்பு. அதில் ஒன்பது அம்பு குறிப்பலகைக்கே போகவில்லை, அது என் குற்றம். வில் முனகக்கூட இல்லை.

வேலிக்கு வெளியே ஹனீப் நின்றிருந்தார். யார் சொன்னார்களோ. வில்லை வாங்கி வெகுநேரம் தடவிப் பார்த்தார்.

"அன்னைக்கே மாட்டியிருந்தா?"

"ஒடஞ்சிருக்கும்."

"நானா இருந்தா மாட்டிக் காட்டியிருப்பேன் மைனி" என்றார்.

18 பிப்ரவரி

பெஞ்ச் போனபின் முதல் தடவையாகப் பட்டறைக்குப் போனேன். கம்ப்ரஸர் வாசல் பக்கம் நகர்ந்திருந்தது. என் மூலையைக் கூட்டித் துடைத்து வைத்திருந்தார்கள்.

"பழைய பெஞ்சையே போட்டுரட்டா?" என்று கேட்டார் ஹனீப்.

"ரெண்டடி கூட வேணும் தம்பி" என்றேன்.

அவர் டேப்பின் ஒரு நுனியை என் கையில் கொடுத்துவிட்டு, மறுநுனியை இழுத்துக்கொண்டு சுவர் ஓரம் போனார்.