வேறு பெயருக்குத் திறக்காத லேப்டாப்

கீலுங்,
டிசம்பர் 8, திங்கட்கிழமை

தம்பி ஜென்-குன்னுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே வழக்கம்போல மழை. நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. போனில் கேட்டால் கட்டைவிரல் தூக்கிய கரடிப் படம் ஒன்று வருகிறது. அப்பாவின் நாக்கை எடுக்கப் போகிறார்கள் என்று மார்ச் மாதம் தெரிவித்தபோதும் அதே கரடிதான் வந்தது. காகிதத்துக்குக் கரடி அனுப்ப முடியாது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன்.

அப்பா நடமாடுகிறார். சாப்பாடு குழாய் வழியாகத்தான். மீன் கஞ்சியை அரைத்து வடிகட்டி ஊற்றுகிறேன். ஊற்றும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். லாரி ஓட்டிய காலமெல்லாம் மென்ற பாக்கு, நாக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டது. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு.

போன மாதம் மருத்துவர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து ஒரு விஷயம் சொன்னார். அதை நான் இங்கே எழுதக் கூடாது. உன்னிடம் தானே சொல்வேன் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். எழுதி அனுப்பிவிடலாமே என்றேன். கழுத்தில் தொங்கும் சிலேட்டில், "இதையெல்லாமா எழுதி அனுப்புவாங்க? பையன்கிட்ட பேசிச் சொல்லணும்" என்று எழுதிக் காட்டினார். பேச நாக்கு இல்லை என்பதை அவருக்கு நினைவூட்ட எனக்கு மனம் வரவில்லை.

தட்டெழுதினால் வாசித்துக் காட்டும் நிரல்கள் இருக்கின்றன என்று மருத்துவமனையில் சொன்னார்கள். என் போனிலேயே போட்டுத் தந்தேன். அப்பாவின் ஒரு விரலுக்கு அடியில் மூன்று எழுத்துகள் மறைந்துபோயின. போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு அலமாரிக்குப் போனார். பட்டுத்துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்தார். அந்த லேப்டாப்.

நீ வேலை பார்த்த கம்பெனி தயாரித்த லேப்டாப். உங்கள் கம்பெனி உனக்குக்கூட இலவசமாகத் தரவில்லை. அப்பா கடையில் போய் வாங்கினார். துறைமுக வாசலில் மற்ற டிரைவர்களுக்குத் திறந்து காட்டுவாராம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுமே, அதுவரைக்கும் தன் மகன் எழுதியது, அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் எழுதியது என்பாராம். நான் முப்பத்தொரு வருடம் துறைமுகச் செய்தியும் நீதிமன்றச் செய்தியும் எழுதினேன். என் பெயர் அச்சான பத்திரிகையால் அவர் லாரிக் கண்ணாடி துடைத்தார். உன் பெயர் எங்குமே இல்லாத பெட்டிக்குப் பட்டுத்துணி. இதைப் புகாராக எழுதவில்லை. பதிவு செய்கிறேன், அவ்வளவுதான்.

அந்தக் கிழட்டு லேப்டாப்பால் விண்டோஸைச் சுமக்க முடியவில்லை. திறந்துவிட்டுக் கஞ்சி காய்ச்சி முடித்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கோயில் சந்தைக்குப் பின்னால் லியாவ் என்றொருத்தி கடை வைத்திருக்கிறாள். தொழிற்பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்து, தலைமையாசிரியரோடு சண்டை போட்டு வெளியே வந்தவள். வாய் நீளம். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டால் பழைய லேப்டாப்பும் ஓடும், அதிலேயே பேசும் நிரலும் வைக்கலாம் என்றாள். "அரை மணி நேர வேலை அக்கா. டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள பெரியவர் பாட்டே பாடுவார் பாருங்க" என்றாள்.

பென் டிரைவிலிருந்து லினக்ஸ் ஒரு குறையும் இல்லாமல் ஏறியது. பென் டிரைவை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்தால், இயங்குதளம் எதுவும் இல்லை என்று திரை சொன்னது. லியாவ் மறுபடி ஏற்றினாள். மறுபடி அதே வாசகம். டிஸ்க் பழுது என்று அடித்துச் சொன்னாள். புது டிஸ்க் மாற்றினாள். புது டிஸ்கிலும் எதுவும் இல்லையாம். பிறகு பூட்டு ஏதோ இருக்கிறது என்று அமைப்புத் திரைக்குள் போய் அதை நிறுத்தினாள். அதற்கும் மசியவில்லை. கடைசியில் பழியை என்மேல் போட்டாள். இயந்திரம் மக்கர் பண்ணாமல் அடங்கி நடக்க ஊரே அதன் மேலே வைக்கும் பொரிப் பொட்டலத்தை நான் அவசரத்தில் மஞ்சள் நிறத்தில் வாங்கிப் போயிருந்தேன். "மஞ்சளா! ஏன்க்கா, பேப்பர்ல வேலை பார்த்தவங்கதானே நீங்க? பச்சைதான் வைக்கணும்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!" என்றாள். பச்சை வாங்கி வந்தேன். காலாவதித் தேதியைக்கூட அவளே பார்த்தாள். லேப்டாப் பச்சைக்கும் அடங்கவில்லை.

மறுநாள்தான் கண்டுபிடித்தாள். அவள் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன், தவறிருந்தால் திருத்து. லேப்டாப்பில் முதலில் விழிப்பது ஒரு சின்ன நிரல். உள்ளே குடியிருப்பது யார் என்று பார்த்து எழுப்பிவிடுவதுதான் அதன் வேலை. இந்த லேப்டாப்பில் அது விண்டோஸ் என்ற பெயரை மட்டும் தேடுகிறது. அந்தப் பெயர்ப் பலகை இல்லையென்றால், வீட்டில் ஆளே இல்லை என்று கதவைச் சாத்திவிடுகிறது. உள்ளே ஆள் உட்கார்ந்து கத்தினாலும் அதற்குக் கவலையில்லை.

லியாவுக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும். "எவன்க்கா இதை எழுதினான்? பேரைப் பார்த்துக் கதவைத் திறக்கிறதுக்கு என்ஜினீயர் எதுக்கு, எங்க தெரு வாட்ச்மேன் போதாதா? சோம்பேறி! இவனுக்கெல்லாம் சம்பளம், போனஸ், வருஷக் கடைசி விருந்து வேற! என் வகுப்புல இப்படி எழுதியிருந்தா முட்டி போட வெச்சிருப்பேன்" என்றாள். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் வரை திட்டினாள்.

அப்பா பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சிலேட்டு மடியில் கிடந்தது.

நானும் வாய் திறக்கவில்லை. உன்னைக் காப்பாற்றுவதற்காக என்று நினைக்காதே. அவள் சொன்னதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. இதை எழுதிய வருடம் புத்தாண்டு விருந்தில் நீயே சொல்லிச் சிரித்தாய்: "இதுல வேற எவன் எதைப் போடப் போறான்? ஒரு பேரைப் பார்த்தாப் போதும், ஆள விடு." அன்று அம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. உன் சிரிப்பு மட்டும் எனக்கு நினைவிருந்தது.

லியாவ் வழி கண்டுபிடித்தாள். லினக்ஸை எழுப்பும் கோப்பை விண்டோஸின் இடத்தில் விண்டோஸின் பெயரிலேயே வைத்தாள். லேப்டாப் உடனே திறந்துகொண்டது. ஏமாற்றினால்தான் உன் கதவு திறக்கிறது. பிறகு சத்தம் வரவில்லை. அது மாட்டப்படாத ஹெட்போனுக்குப் போய்க்கொண்டிருந்தது, சீக்கிரமே திருப்பிவிட்டாள். பேசும் நிரலில் கிடைத்தது ஒரே ஒரு மாண்டரின் குரல். பெண் குரல், பெய்ஜிங் செய்தி வாசிப்பாளர் மாதிரி. வாழ்நாள் முழுக்க நம் வீட்டுப் பேச்சில் வசவு பொழிந்த மனிதருக்கு இப்படியொரு குரல்.

ஏதாவது சொல்லுங்க பெரியவரே என்று லியாவ் லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினாள். நாக்கு போன பிறகு அவர் சொல்லும் முதல் வார்த்தை. அப்பா எழுத்துகளைத் தேடித் தேடி நெடுநேரம் தட்டினார். அந்தப் பெண் வாசித்தாள்:

"இதை எழுதியது என் மகன். அவனுக்கு மூன்று வாரம்தான் கொடுத்தார்கள். அந்த மாதம் அவன் அம்மா மருத்துவமனையில் இருந்தாள்."

வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். அம்மாவின் மருத்துவமனைச் சீட்டில் உள்ள மாதமும், லேப்டாப்பின் அடியில் அச்சான தயாரிப்பு மாதத்துக்கு முந்தைய மாதமும் ஒன்றுதான். வார்டுக்கு வெளியே பெஞ்சில் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்ததும் நினைவுக்கு வந்தது. அப்பா சொன்ன தகவல் சரி. அதனால் நிரல் சரியாகிவிடாது. ஆனாலும் தகவல் சரி.

இனி இந்தக் கடிதத்தின் காரணத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு வீடு வரும்வரை பொறுமை இல்லை. கடையிலேயே உன்னைக் கூப்பிட வேண்டும் என்றார். வீட்டு எண்ணைப் பார்த்தால் நீ எடுப்பதில்லை, கூட்டத்தில் இருப்பதாகத் தானாக ஒரு செய்தி வரும். ஆகவே லியாவின் கடைப் போனிலிருந்து போட்டோம், எல்லோருக்கும் கேட்கும்படி. முதல் முறை அப்பா எழுத்துகளைத் தேடிக்கொண்டிருந்தார். நீ ஹலோ ஹலோ என்று சொல்லிவிட்டு வைத்தாய். இரண்டாம் முறை முன்கூட்டியே தட்டி வைத்திருந்தார். "ஜென்-குன், நான் உன் அப்பா" என்றாள் அந்தப் பெண். வைத்தாய். மூன்றாம் முறையும் அதையே சொன்னாள். நீ சொன்னதை வார்த்தை மாறாமல் தருகிறேன்: "பொம்பளைக் குரல்ல அப்பனா? போய் உங்கப்பன்கிட்ட சொல்லுடி! மோசடிக் கும்பல், போலீஸ்ல புடிச்சுக் குடுத்துடுவேன்!"

போன வியாழக்கிழமை மாலை. நினைவிருக்கும்.

லியாவ் குனிந்து ஸ்க்ரூ பொறுக்க ஆரம்பித்தாள். கீழே ஒரு ஸ்க்ரூவும் விழவில்லை. அப்பாவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு தட்டினார். செய்தி வாசிப்பாளர் அதே தொனியில் அறிவித்தாள்: "என் பையன் உஷாரானவன். அவனை யாரும் ஏமாற்ற முடியாது."

இதுவரை எழுதியதில் உன்னைக் காயப்படுத்தும் நோக்கம் எனக்கு இருந்தது. மறைக்கவில்லை. பெயர் தெரியாதவர்களுக்குக் கதவைச் சாத்துவதை நீ நிரலில் மட்டும் எழுதவில்லை என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்லிவிட்டேன்.

உன்னிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று அப்பா உத்தரவு. நான் சொல்லவில்லை, எழுதியிருக்கிறேன். வரும் இருபத்தொன்றாம் தேதி, நடுக்குளிர்காலப் பண்டிகைக்கு அரிசி உருண்டை அவிக்கும் நாள், ஞாயிறு மாலை ஏழு மணிக்கு உன்னைக் கூப்பிடப் போகிறார். அவரால் உருண்டை சாப்பிட முடியாது. அவிக்கும் வாசனை வேண்டுமாம், அதற்குப் பிறகுதான் பேசுவாராம். தினமும் காலையில் லேப்டாப்பைத் திறந்து ஒரே வாக்கியத்தைப் பழகுகிறார். நான் உள்ளே போனால் மூடிவிடுகிறார்.

வீட்டு எண்ணிலிருந்துதான் அழைப்பு வரும். எடுத்ததும் யாரும் பேச மாட்டார்கள். விசை தட்டும் சத்தம் மட்டும் கேட்கும். அது அப்பா. காத்திரு. பிறகு ஒரு பெண் உன் பெயரைத் தப்பாக உச்சரிப்பாள். அதுவும் அப்பாதான். அவர் சொல்ல வருவதைக் கடைசிவரை சொல்ல விடு. அதற்குப் பதில் சொல்ல உனக்கு எதுவும் தோன்றாவிட்டால் பரவாயில்லை, போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே இரு. முடிந்ததும் விமானச் சீட்டைப் பார்.

குளிர் அங்கே அதிகம் என்கிறார்கள். கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள். உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று கோயிலில் உன் பேருக்கும் ஊதுவத்தி வைத்தேன். அப்பாதான் வைக்கச் சொன்னார்.

எடு, தம்பி.

உன் அக்கா,
பி-யுன்