தேத்தாங்கொட்டையும் லண்டன் பீரும்

சிவமயம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
2-3-1969

சிரஞ்சீவி வேணுகோபாலுக்கு அண்ணி நீலாம்பாள் ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், தறியும் சுகம். அந்த லண்டன் குளிரோடு நீ ராசியாகி விட்டாயா இல்லையா?

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே பீர் போடுகிறேன், கலங்கலாகவே வருகிறது, தெளிய வைக்க வழி உண்டான்னு கேட்டிருந்தாய். மூணாங்கிளாஸ் படிப்பு, நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். அவசரத்தில் பிள்ளை பீர்க்கங்காயைப் பாதியில் எழுதி விட்டுவிட்டான்னு நானே மீதியைச் சேர்த்துக்கொண்டேன். லண்டனில் பீர்க்கங்காய்க்குப் பஞ்சமே இல்லை, எங்க கொழுந்தன் அதில் சாறு வைத்துக் குடிக்கிறான்னு குழாயடி முழுக்கச் சொல்லியும் ஆச்சு. அடுத்த வீட்டுப் பூவம்மாள், விதையை எடுத்துட்டு வேக வைக்கச் சொல்லுக்கான்னாள். அவள் புருஷன் முனுசாமி போலீஸ்காரர் ஆச்சே, அவர்தான் சிரித்துச் சிரித்து, அது காய் இல்லைக்கா, சாராயத்துக்குச் சித்தப்பா மகன், இங்கே போட்டால் பிடித்து உள்ளே தள்ளுவோம்னார். அப்புறம் கொஞ்ச நாள் நான் குழாயடிக்குப் பின்பக்கமாகத்தான் போனேன்.

மீன் வயிற்றுப் பையைப் போட்டால் தெளியும்னு அங்கே சொன்னார்களாம், உனக்குக் கை வரலையாம். பீர் குடிக்கிற சைவப் பிள்ளை! அந்த மட்டும் காமாட்சி உன்னைக் கைவிடலை.

இப்போ சங்கதிக்கு வருகிறேன். தறியில் ஏற்றின பாவை அரைகுறையாக நெய்து விட்டுவிட்டு நீ கப்பல் ஏறினதிலிருந்து உன் அண்ணன் உன் பேரை எடுக்கிறதில்லை. நானும் உன் கடுதாசியைத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சுவருக்குப் படித்துக் காட்டுகிற மாதிரி சத்தமாகத்தான் படிப்பேன். அவர் பாட்டுக்குத் தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாடா ஓட்டிக்கினு இருப்பார். இந்தக் கடுதாசிக்கு நாடா நின்றது. தேத்தாங்கொட்டை உரசிப் பார்த்தானாமான்னு கேட்டார். பாலாத்துத் தண்ணி கலங்கினால் பானையில் உரசுவோமே, அதே கொட்டை. மூணு வருஷத்தில் உன்னைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, தண்ணிக்குச் சரி, புளித்ததுக்கு அது கேட்குமான்னு சீண்டினேன். தான் செய்து பார்க்காததை உன் அண்ணன் என்றைக்கு அடுத்தவனுக்குச் சொல்லியிருக்கிறார்? பார்லி வந்தது, வெல்லம் வந்தது. ஆப்பத்துக்குன்னு சொல்லி ரொட்டிக்கடை பாயிடம் ஈஸ்டு வாங்கினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், காது இரண்டும் சிவந்துபோய் வீட்டுக்கு வந்தார்.

முதல் பானை சேறாகப் போச்சு. தெளிஞ்சுதா தெளிஞ்சுதான்னு நான் ஆட்டி ஆட்டிப் பார்த்ததுதான் காரணமாம். அடுத்த தடவை நுரை முழுசாக அடங்கட்டும்னு விட்டார். அப்புறம், உள்பக்கம் கொட்டை உரசின வேறு பானைக்கு மாற்றி, கால் விட்டு மிதிக்கிற தறிக்குழிக்குள் குளிர்ச்சியாக வைத்தார். கிட்டப் போகாதே, கலங்கினது தானாத்தான் அடங்கணும்னார். அடங்கினது. மேலாக வடித்துக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஒரு ஜரிகை இழையைப் போட்டார். அடியில் பளிச்சுன்னு தெரிந்தது. ஒரு வாய் குடிக்கலை. எழுதிப் போடுன்னு சொல்லிட்டுத் தறியில் உட்கார்ந்துவிட்டார்.

நீயும் அப்படியே செய். அங்கே கொட்டைக்கு எங்கே போவாய், ஒரு பொட்டலம் கப்பல் தபாலில் வருகிறது. கட்டினது நான் இல்லை. முடிச்சைப் பார்த்தால் உனக்கே தெரியும்.

அடுத்த கடுதாசியில் என் பேரைப் போடாதேப்பா. அவர் பேருக்கு எழுது. தெளிஞ்சுதுன்னு ஒரு வரி போதும். காமாட்சி உன்னை நல்லபடியாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் வாயாடி அண்ணி
நீலாம்பாள்

சொல்ல விட்டுப்போச்சு. மிச்சத்தை மருந்து பாட்டிலில் அடைத்துத் தறிக்குழியிலேயே வைத்திருந்தோம். நேற்று முனுசாமி டியூட்டி முடிந்து வந்து பேசிக்கினு இருந்தபோது அது வெடித்தது. கார்க்கு உத்தரத்தில் பட்டு அவர் தொப்பியில் விழுந்தது. பீரும் தொப்பியில்தான் விழுந்தது. அவர் தொப்பியைக் கழற்றி மோந்து பார்த்துட்டு, இது யாருக்குண்ணேன்னு கேட்டார். உன் அண்ணன், என் தம்பிக்குன்னார். தொப்பியைச் சீயக்காய் போட்டு அலசிக் காயவைத்துக் கொடுத்தேன். கொஞ்சம் சுருங்கிவிட்டது.